மறுமாற்றமும் கலகமும்

அதிகாரமுடையோர் ஆணையொன்று பிறப்பிக்குமிடத்து, அதற்குப் பணிவோரும் பணியாதோரும் உளராதல் உலகியற்கை. பணிந்தோரைப்பற்றி வரலாறு பெரும்பாலும் வாய்திறவாது. பணியாதோர்க்கோ பெயர்கள் பல. பிடிவாதம், வீம்பு, செருக்கு, அடங்காமை, துரோகம், கலகம் என்பன ஒருசாரார் இட்ட பெயர்கள். உறுதி, கடைப்பிடி, தறுகண்மை, வைராக்கியம், புரட்சி என்பன மற்றொரு சாரார் இட்டவை. செயல் ஒன்றாயிருக்கவும் பெயர் இருதிறப்படுதல் என்னை? பெயரிட்டோர் நின்ற இடம் வேறாதலினாலா? அன்றிச் செயலின் இயல்பே வேறாதலினாலா? இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சி யன்று. ஒருவனைத் தண்டிப்பதும் போற்றுவதும் அவன் செயலுக்கு நாம் இடும் பெயரைப் பற்றியே நிகழ்தலின், இது நீதியின் பாற்பட்டதுமாம். ஆகலின் சமய வரலாற்றையும் நாட்டு வரலாற்றையும் கருவியாகக் கொண்டு இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சொற்களின் நிலை

யாம் மடத்துப் பாடசாலையிற் பயின்ற நாளில் சூடாமணி நிகண்டை முதலில் மனனஞ் செய்வித்தனர். அதனை இயற்றிய மண்டலபுருடர் சைனர். சைவ மடங்கள் அவர் நூலையே தம் மாணாக்கர்க்குத் தலைப்பாடமாக வைத்தன. சொல்லுக்குப் பொருள் காணுமிடத்துச் சமயப் பகைமை புகலாகாது என்பது அவ்வழக்கத்தாற் போந்த பாடமாம். அந்நெறியே பற்றி இச்சொற்களை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

பிடிவாதம் என்பது தான் பிடித்ததனை வாதத்தால் நிறுவ முயலுதல். வாதம் தோற்ற பின்னும் பிடி நெகிழாமையே அதன்கட் குற்றம். வீம்பு என்பது பொருளைப் பற்றாது தன் பெயரைப் பற்றி நிற்றல். வீம்பன் தோல்வியை அஞ்சுவதினும் பிறர் நகையை மிக அஞ்சுவான். கடைப்பிடி என்பது கொண்ட நற்பொருளை இறுதிகாறும் மறவாது நிற்றல். தறுகண் என்பது அஞ்சற்பாலனவாகத் தோன்றுவன எதிர்ப்பட்டுழியும் உளங்கலங்காமை. ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில், பெருமிதம் பிறத்தற்கு நிலைக்களனாகக் கல்வி, இசைமை, கொடை என்பவற்றோடு தறுகணையும் வைத்தெண்ணினார். கல்வியோடும் கொடையோடும் ஒருங்கு வைக்கப்பட்டமையின் தறுகண் முரட்டுத்தனமன்று என்பது தெளிவு. மற்று, அஞ்சவேண்டிய தீமைக்கு அஞ்சாதவனைத் திருவள்ளுவனார் அறிவுடையோர் வரிசையில் வைத்திலர் என்பதும் உடன் நினைக்கற்பாலது.

துரோகம் என்னுஞ் சொல் ஆள்வோர் வாய்ச்சொல். ஆதித்த கரிகாலனைக் கொன்றோரின் உடைமைகளைப் பற்றி முதலாம் இராசராசன் காலத்தெழுந்த உடையார்குடிக் கல்வெட்டு, அவர்களைத் துரோகிகள் என்றே குறிக்கின்றது. அஃது அரசிளங்குமரனைக் கொன்ற பழியாதலின் அப்பெயர் பொருந்துவதே. ஆயின், வரி குறைக்க வேண்டுமென்று முறையிட்ட குடியானவனுக்கும் சில காலங்களில் அப்பெயரே சூட்டப்பட்டால், சொல் தன் பொருளை இழந்து வெறும் படைக்கலமாய் விடுகின்றது. கலகம் என்பது வடமொழியிற் பூசல் எனப் பொருள்படுவது. யார் தொடங்கினார், யாது காரணம் என்பதொன்றையும் அச்சொல் உணர்த்தாது. ஓசை எழுந்ததென்பதை மாத்திரமே உணர்த்தும். புரட்சி என்பது புரளுதலினின்று பிறந்தது. கீழது மேலாதலைக் குறிப்பது. அதுவும் புரண்டபின் நிலை யாதாகும் என்பதைக் கூறுவதன்று.

வன்மை என்னுஞ் சொல்லோ சைவ உலகில் அடியார் ஒருவர்க்குத் திருப்பெயராகவே அமைந்தது. திருவெண்ணெய்நல்லூர் வழக்கில், ஓலை காட்டி அடிமைகொள்ள வந்த முதிய வேதியரை நம்பியாரூரர் வன்சொற் கூறி எதிர்த்தனர். வந்தவர் இறைவரே என்பது பின்னர் விளங்கிற்று. வன்மை பேசியவர்க்கு வன்றொண்டர் என்னும் பெயரையே இறைவர் அருளினாரெனப் பெரியபுராணம் கூறும். எதிர்த்துப் பேசுதல் தன்னளவிற் பாவமாயின் அது திருப்பெயராகா தன்றே! ஆயின் அவ்வழக்கில் நம்பியாரூரர் சபையோர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார் என்பதும் மறக்கற்பாலதன்று. பேச்சில் வன்மையும் தீர்ப்பில் பணிவும் ஒருவர்பால் ஒருங்கே நிகழக் காண்கின்றோம்.

மறுமாற்றம்

இத்துணைச் சொற்களுள்ளும் அடங்காத ஒரு சொல் நம் திருமுறையில் உண்டு. அதுவே மறுமாற்றம். திருநாவுக்கரசு சுவாமிகள் பல்லவ மன்னன் அழைப்பை மறுத்தருளியபோது பாடிய ஆறாந்திருமுறைப் பதிகம் மறுமாற்றத் திருத்தாண்டகம் என வழங்குகின்றது. மாற்றம் என்பது சொல். மறுமாற்றம் என்பது எதிர்மொழி. கைப்பொருளும் படையும் இல்லாத ஒருவர் ஓர் அரசன் ஆணைக்கு எதிராகத் தந்த விடை அது.

நிகழ்ச்சியை அன்பர்கள் அறிவர். சமணராய்த் தருமசேனர் என்னும் பெயருடன் வாழ்ந்த சுவாமிகள், சூலைநோய் நீங்கித் திருவதிகையிற் சைவராயினர். அதுகேட்ட மன்னன் அவரைக் கொணருமாறு அமைச்சரை ஏவினன். தாம் இறைவர்க்கு மீளா ஆளானமையின் பிறர் ஏவலுக்கு உரியரல்லர் என்பதே சுவாமிகள் விடுத்த மறுமாற்றத்தின் கருத்து. இதன் பின் நிகழ்ந்தது பலராலும் நோக்கப்படாது விடப்படுகின்றது. மறுமொழி கேட்ட அமைச்சர் சினந்திலர். உடன் எழுந்தருள வேண்டுமென்று பணிந்து வேண்டினர். சுவாமிகளும் இசைந்து அவர்களுடன் சென்றனர். ஆணைக்கு இசையாதவர் வேண்டுகோளுக்கு இசைந்தார். வீம்பராயின் அவ்வாறு செல்லார். அவர் மறுத்தது தம்மேற் செலுத்தப்பட்ட உரிமையையேயன்றி மன்னன் முன்னர் நிற்றலை யன்று. அதன்பின் நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு கட்டிக் கடலில் இடுதல் என்னும் நான்கினையும் தம் மேனியிலேயே ஏற்றனர். தமக்காகப் பிறரெவரையும் படையெடுக்கச் சொல்லிலர். ஒறுத்தவர் அழிகவென்று வேண்டவுமிலர்.

அம்மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவன். குணபரன், விசித்திரசித்தன், மத்தவிலாசன், சத்துருமல்லன் முதலிய விருதுப்பெயர் பல பூண்டவன். சைவனான பின் திருவதிகையில் அவன் எடுத்த கோயிலைக் குணபரவீச்சரம் என்பர். நம் திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசி வட்டத்திலுள்ள சீயமங்கலத்திற் குன்றைக் குடைந்து அவன் அமைத்த சிவன் கோயில் அவனிபாஜன பல்லவேச்சரம் எனப் பெயர் பெற்றது. இன்றும் அதனைக் காணலாம். தன் பெயர்களைக் கல்லிற் பொறித்தவன் அவன். அவன் ஆணையை மறுத்தவர் சொல்லோ இன்றளவும் மக்கள் நாவில் உள்ளது.

மூர்த்தியாரும் கூற்றுவரும்

மதுரையில் வணிகர் குலத்து மூர்த்தி நாயனார் சொக்கேசர்க்கு நாடோறும் சந்தனக்காப்பு அணிவிக்கும் தொண்டினர். பாண்டிநாட்டை வென்றடிப்படுத்திய வடுகக் கருநாடக மன்னன், சந்தனக்கட்டை அவர்க்குக் கிடையாதவாறு தடுத்தான். நாயனார் செய்தது யாது? மன்னன் மாளிகைமேற் கல்லெறிந்தாரல்லர், தொண்டினைக் கைவிட்டாருமல்லர். சந்தனக் கல்லில் தம் முழங்கையையே வைத்துத் தேய்த்தனர். ஆணை சந்தனக்கட்டையைத் தடுத்ததேயன்றித் தொண்டைத் தடுக்க வலிதாயிற்றிலது. அம்மன்னன் மகவின்றி இறப்ப, யானை நாயனாரை எடுத்து வந்தது. அரசு ஏற்றபோதும் அவர் திருநீற்றையே அபிடேகமாகவும், கண்டிகையையே அணியாகவும், சடையையே முடியாகவும் கொண்டனர். அதிகாரத்தை எதிர்த்து நின்றவர் அதிகாரம் கைவந்தபோது மாறினாரல்லர் என்பது ஈண்டு உற்று நோக்கற்பாலது.

இனி, மறுக்கப்பட்ட அரசன் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதற்குக் கூற்றுவ நாயனார் வரலாறு எடுத்துக்காட்டாகும். களந்தை வேந்தரான அவர் மூவேந்தர் நிலங்களையும் வென்று, தமக்கு முடிசூட்டுமாறு தில்லைவாழந்தணரை வேண்டினர். சோழர் குலத்தார்க்கன்றி முடி சூட்டோம் என்று அவர் மறுத்து, வழிபாட்டிற்கு ஒரு குடியை நிறுவிச் சேரநாடு போயினர். படைவலி முழுதும் கூற்றுவர் கையில் இருந்தது. மறுத்தவர்பால் ஒரு வாளும் இல்லை. இருந்தும் அவர் நெருக்கினாரல்லர். வேறொருவரைக் கொண்டு முடி சூடினாருமல்லர். இறைவன் திருவடியே முடியாக வேண்டுமென்று இரந்து, கனவில் அப்பேறு பெற்றனர். ஆகவே தம் சொல்லை மறுத்தோரை ஒறுக்காது விட்ட அரசரையும் அறுபான்மும்மையருள் ஒருவராகவே நம் முன்னோர் வணங்கினர். பணியாமையை மாத்திரமன்று, பணியாமையைப் பொறுத்தலையும் அவர் தொண்டாகவே கொண்டனர்.

வல்லாள மன்னன்

அண்ணாமலையாரோடு இயைபுடைய போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் வரலாறு வேறொரு வகையினது. அவன் 1311இல் தில்லித் தானைத் தலைவன் மாலிக் காபூர்க்குப் பணிந்து பொருள் கொடுத்தான். 1327இல் அவன் தலைநகராகிய துவாரசமுத்திரம் மீண்டும் பாழ்பட்டது. அதன்பின் திருவண்ணாமலையைத் தன் இருக்கைகளுள் ஒன்றாகக்கொண்டு மதுரைச் சுல்தானை எதிர்த்து நின்றான். எண்பது ஆண்டு கடந்த முதுமையிற் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டு, அகத்தோர் கேட்ட தவணையைக் கொடுத்தனன். அத்தவணையிடையே மதுரைப் படை திடீரெனத் தாக்க, அகப்பட்டுக் கொல்லப்பட்டான். அவன் உடலின் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதை யாத்திரிகர் இபின் பதூதா எழுதியுள்ளார். இது நிகழ்ந்தது 1342ஐ ஒட்டியாம்.

ஒருகாற் பணிந்தவன் பின்னர் எதிர்த்தல் முரணன்றோ எனின், அன்று. முன்னர்ப் பணிந்தது நகரும் குடிகளும் அழியாமைப் பொருட்டு. பின்னர் நின்றது நிற்க இயன்ற காலம் வந்தமையின். வளையாமை மட்டுமே உறுதிக்கு இலக்கணமெனின், காய்ந்த விறகே உலகில் உறுதியுடையதாதல் வேண்டும். மதிலில் தோலைத் தொங்கவிட்டோர் அவனுக்கு இட்ட பெயர் இங்கு ஒருவர்க்கும் நினைவில்லை. மகப்பேறில்லாத அவனுக்கு இறைவரே மகவாயினார் என்னும் அருணாசல புராண வரலாறும், மாசிமகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரையில் அண்ணாமலையார் அவனுக்குத் திதி கொடுக்கும் வழக்கமுமே நிலைத்துள்ளன.

வேலூர்க் கோட்டை

எம் வேங்கிக்கால் வழியே செல்லும் வேலூர்ச் சாலையின் முடிவில், ஏறக்குறைய 80 கிலோமீட்டர்த் தொலைவில், அகழிசூழ்ந்த வேலூர்க் கோட்டை நிற்கின்றது. மறுமாற்றத்திற்கும் கலகத்திற்கும் இடையிலுள்ள வேற்றுமையை அங்கு 1806இல் நிகழ்ந்தவற்றினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

1805ஆம் ஆண்டின் இறுதியிலும் 1806ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சென்னைச் சேனாதிபதி சர் ஜான் கிராடக் சிப்பாய்கட்குப் புதிய விதிகள் வகுத்தனர். ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் இசைவும் அவற்றிற்கு இருந்தது. அணிவகுப்புடையில் நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி மழித்தல் வேண்டும், தோல் சேர்ந்த புதிய தலைப்பாகை சூடல் வேண்டும் என்பன அவை. ஆணையிட்டோர்க்கு அவை உடுப்பின் ஒழுங்கு. நெற்றியிலிருந்து திருநீற்றையும் திருமண்ணையும் அழிக்கவேண்டியவர்க்கோ, தாடி மழிக்கவேண்டிய இசுலாமியர்க்கோ அவை உடுப்பளவில் நின்றனவல்ல. தம்மைக் கிறித்தவராக்குதற்கு இது முதற்படி என்னும் ஐயமும் பரவிற்று.

1806 மே மாதத்தில் வேலூரிலிருந்த ஒரு படைப்பிரிவினர் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். அஃதே அவர்தம் மறுமாற்றம். அப்போது ஒருவர் குருதியும் சிந்தவில்லை. 21 பேர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டனர். அவருள் ஓர் இந்துவுக்கும் ஓர் இசுலாமியர்க்கும் 900 கசையடியும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டன. ஏனைய 19 பேர்க்கு 500 கசையடி விதிக்கப்பட்டு, மன்னிப்பு வேண்டியபின் அது நிறுத்தப்பட்டது. ஆணையோ மாற்றப்படவில்லை. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் உள்ளே மூண்டுவரும் தீயைப் பற்றித் தன் அதிகாரிக்கு அறிவித்தான். அவன் சொல் பித்தன் சொல்லென்று தள்ளப்பட, அவனே காவலில் இடப்பட்டான். மெய் சொன்னவனுக்கு அன்று கிடைத்த பெயர் அது.

ஜூலை 10ஆம் நாள் நள்ளிரவு கழிந்தபின் கோட்டைச் சிப்பாய்கள் படைக்கலம் எடுத்தனர். ஆங்கில அதிகாரிகள் 14 பேரும், 69ஆம் படைப்பிரிவின் வீரர் 100 பேர்க்கு மேலும் மாண்டனர். மருத்துவமனையிற் கிடந்த நோயாளரும் கொல்லப்பட்டனர். 1799 முதல் அங்கே வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் மக்களின் கொடியும் ஏற்றப்பட்டது. அன்று காலையே ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து கோட்டையை மீட்டான். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். அகப்பட்டோருட் பலர் சுவரோரத்தில் நிறுத்திச் சுடப்பட்டனர். பின்னர் விசாரணையில் தண்டனை பெற்றோருட் சிலர் பீரங்கி வாயிற் கட்டிச் சுடப்பட்டனர், சிலர் தூக்கிலிடப்பட்டனர். இத்தனையும் நிகழ்ந்தபின் உடுப்பு விதிகள் திரும்பப்பெறப்பட்டன. கிராடக்கும் பெண்டிங்கும் 1807இல் இங்கிலாந்திற்குத் திரும்ப அழைக்கப்பட்டனர். மே மாதத்தில் ஒருவர் உயிரும் போகாமற் செய்திருக்கக்கூடிய மாற்றம், ஜூலைக்குப் பின் பல நூறு உயிர்களை வாங்கிக்கொண்டு செய்யப்பட்டது.

இந்நிகழ்ச்சியை ஆங்கிலேயர் மியூடினி என்றனர். நம்மவர் அதனை வேலூர்ச் சிப்பாய்க் கலகம் என்று மொழிபெயர்த்துப் பாடப்புத்தகங்களில் நெடுநாள் படித்தனர். பின்னர் வேலூர்ப் புரட்சி என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. இவ்விரண்டனுள் எது மெய்ப்பெயர்? எம் கருத்து இது: மே மாதத்ததும் ஜூலை மாதத்ததும் ஒரு பெயரால் வழங்கற்பாலன வல்ல. கலகம் என்று கூறுவோர் மே மாதத்து மறுப்பையும் 900 கசையடியையும் மறைக்கின்றனர். புரட்சி என்று மட்டும் கூறுவோர் நோய்ப்படுக்கையிற் கிடந்தோரைக் கொன்ற பழியை மறைக்கின்றனர். அறவோர்க்கு இரண்டும் ஆகா.

ஒரு தடை

நீற்றறையிற் பொறுத்திருந்த நாயனாரோடு கூலிக்குப் படைசேர்ந்த சிப்பாய்களை ஒப்பிடுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகுதியில் ஒப்பிட்டிலேம்; அளவுகோலாகக் கொண்டேம். பொன்னை உரைக்குங் கல்லிலேதான் பிற உலோகமும் உரைக்கப்படும். அன்றியும், பொறுத்திருங்கள் என்று கரையிலிருந்து கூறுதல் எளிது. 900 கசையடி பட்டும் கேட்பார் இல்லாதவனிடத்து நாயன்மார் பொறுமையை எதிர்பார்க்கும் நாம், கேளாதிருந்த ஆளுநரிடத்துக் கூற்றுவ நாயனார் பொறுமையை ஏன் எதிர்பார்த்திலேம்? குற்றத்தைப் பகுத்து அளக்குமிடத்து, மருத்துவமனைக் கொலை கொன்றோரைச் சாரும். கலகம் விளைதற்கு நிலம் பண்படுத்திய குற்றமோ மறுமாற்றத்தைக் கேளாத ஆட்சியையே சாரும்.

முடிவு

மேற்கூறியவற்றால், பணியாமையை அளத்தற்கு மூன்று கேள்விகள் போதியனவாம். ஒன்று, மறுப்பவன் பற்றியிருப்பது தன்பெயரையா, தன்னினும் பெரிய பொருளையா? தன்பெயரையெனின் அது வீம்பு. இரண்டு, மறுப்பின் துன்பத்தை அவன் தான் ஏற்கின்றானா, குற்றமற்ற பிறர்மேற் சுமத்துகின்றானா? சுமத்தினால் அவன் பொருள் நன்றாயினும் வழி கலகம். மூன்று, அன்பான வேண்டுகோள் வந்தபோது இசைகின்றானா, அதிகாரம் கைவந்தபோதும் மாறாதிருக்கின்றானா? இசையாதது பிடிவாதம், இசைவதும் மாறாததும் கடைப்பிடி. இம்மூன்றும் மறுப்போர்க்குரியன. ஆள்வோர்க்கு உரியது ஒன்றே: மறுமாற்றம் வந்த அன்றே அதனைக் கேட்டல். ஆங்குக் கேளாத செவி பின்னர்க் கலகத்தின் ஓசையைக் கேட்டேயாகும்.

எம் வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் பட்டா வேண்டுவோரும், பாதை வேண்டுவோரும், முதியோர் உதவித்தொகை வேண்டுவோரும் கையில் மனுவேந்தி வருகின்றனர். அவருட் சிலர் அதே மனுவைப் பன்முறை கொணர்பவர். அத்தகையோரைப் பிடிவாதக்காரர் எனச் சுற்றியுள்ளோர் முணுமுணுத்தல் உண்டு. அந்த மனு, இல்லையென்று ஒருகால் எழுதப்பட்ட விடைக்கு அவர் தரும் மறுமாற்றமே. அதனை ஏந்தி வரிசையில் நிற்பவர், நிற்கும்வரையில், ஆட்சியின்மீது நம்பிக்கை இழவாதவர். பெயரிடுமுன் அவர் மனுவைப் படித்துப் பார்த்தல் நன்று.

வீட்டில் மகனோ மகளோ மாட்டேன் என்னும்போதும், பள்ளியில் மாணாக்கன் எதிர்வினா எழுப்பும்போதும், அலுவலில் இளையோன் இது முறையன்று என்னும்போதும் நம் நாவில் முதலில் எழுவது அடங்காமை என்னுஞ் சொல்லே. அச்சொல்லை ஒரு கணம் நிறுத்தி, மேற்கூறிய மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். கேட்டபின்னும் அடங்காமையே என்று தெளிந்தால் திருத்துதல் கடன். கடைப்பிடியென்று கண்டால் நாம் இட்ட ஆணையைத் திருத்திக்கொள்ளுதலே கடன். அவ்வாறு திருத்திக்கொள்ளும் மனநிலையை அண்ணாமலையார் நம் அனைவர்க்கும் அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.